பூ முடிச்சு

விழுப்புரம் ஸ்டேஷனுக்குப் பின்னால், கூட்ஸ் ஷெட்டைத் தாண்டிப் போகிற சந்தில் விருத்தாசல ஆசாரியின் வார்ப்புப் பட்டறை இருந்தது. கிணற்று உருளை, கோயில் மணி, மாட்டுக் கழுத்து மணி, குத்துவிளக்கு எல்லாம் அங்கே பித்தளையில் வார்ப்பார்கள். பட்டறையின் பின்சுவரை ஒட்டி ஓலை இறக்கிய ஒரு சாய்ப்பு. அங்கே வேலை செய்த இருதயராஜும் அவன் பெண்சாதி லூர்துமேரியும் அந்தச் சாய்ப்பில்தான் குடியிருந்தார்கள். நான் சந்துக்கு எதிர்ப்புறம் மாடியறையில் இருந்தேன். எனக்குப் பார்சல் ஆபீசில் வேலை. அதனால் அவர்களுக்கு நான் 'பார்சல் தம்பி'. அதற்கு மேல் என்னைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. ஜன்னல் இருந்தது, பார்த்தேன்.

செம்பு உருகிக் கிடக்கிற மூசைக் குடுவையில் துத்தநாகக் கட்டியைப் போடும்போது பச்சை நாக்கு ஒன்று எழும்பும். அதன் நுனியில் வெள்ளையாகப் பிரிவதைப் புகை என்று சொல்லத் தோன்றாது. இலவங்காய் வெடித்தது போலத் துணுக்குத் துணுக்காக எழுந்து, எந்த அவசரமும் இல்லாமல் கீழே இறங்கும். பட்டறைக்காரர்கள் அதைப் 'பூ' என்பார்கள். உத்தரத்தில் உட்காரும், ஆட்களின் இமையில் உட்காரும், மூடாத கஞ்சிச் சட்டியில் ஆடை போலப் படியும். நாக்கில் பட்டால் இனிக்கும்.

அந்த இனிப்புக்கு விலை சாயங்காலம் தெரியும். புதிதாக வந்தவனுக்கு விளக்கு வைக்கும் நேரத்தில் பல் கிட்டிக் குளிர் எடுக்கும், உடம்பு அனலாகும், விடியும்போது வேர்த்துக் கொட்டி விட்டுவிடும். மறுநாள் வேலைக்கு வந்தால் வராது. அதற்கு மறுநாளும் வராது. தினமும் பூவைச் சுவாசிக்கிறவனைப் பூ ஒன்றும் செய்வதில்லை. ஒரு நாள் வேலையை விட்டு மறுநாள் வந்தவனை மட்டும் பழையபடி பிடித்துக்கொள்ளும். பட்டறைக்கு அமாவாசைதான் லீவு. ஆகவே மாதம் தவறாமல், அமாவாசைக்கு மறுநாள் இரவு, அந்தச் சந்தில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் ஆள் கோணிக்குள் நடுங்கிக்கொண்டிருப்பான்.

இருதயராஜுக்கு அது மாதம் ஒருமுறை வரவில்லை. வாரம் ஒருமுறை வந்தது.

அவன் திண்டிவனத்துப் பக்கத்து ஆள். மழை பொய்த்து, மல்லாட்டை என்கிற நிலக்கடலைக் கொடி காட்டிலேயே கருகிய ஒரு வருஷம், கூலி வேலையும் இல்லாமல் போய், கட்டின துணியோடு பெண்சாதியை அழைத்துக்கொண்டு ரயிலேறி வந்தவன். அகலமான தோள். துருத்தி இழுக்க அவனை வைத்துக்கொண்ட ஆசாரி ஒரே மாதத்தில் மூசை தூக்க விட்டுவிட்டார். வேதக்காரன். ஞாயிற்றுக்கிழமை காலையில் வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு, லூர்துமேரி முக்காடு போட்டுக்கொண்டு பின்னால் வர, கோயிலுக்குப் போவான். அன்று முழுக்கப் பட்டறைப் பக்கம் வரமாட்டான். திங்கட்கிழமை வருவான். திங்கட்கிழமை இரவு நடுங்குவான்.

"எங்க சாமி மாசத்துக்கு ஒருவாட்டிதான் காய்ச்சல் குடுக்குது. ஒங்க சாமி வாரா வாரம் குடுக்குதே. ரொம்ப தாராளம்டா," என்பான் பச்சைமுத்து. மூசையின் மறுபக்கம் குறடு பிடிக்கிற ஆள். இருதயராஜைவிடப் பத்து வயது மூத்தவன். வாய் ஓயாது.

"சாமிய இழுக்காத ண்ணா."

"நான் எங்க இழுத்தேன். குளிரு ஒன்னெ இழுத்துக்கினு இருக்குது."

சாம்பல் புதன் அன்று நெற்றியில் சாம்பலோடு வந்தவனைப் பார்த்து அவன் சொன்னது சந்து முழுக்கப் பரவியது. "சாமியாரு வருசத்துக்கு ஒருவாட்டி வெக்கிறாரு. நம்ப ஆசாரி தெனமும் வெக்கிறாரு. யாருடா பெரிய சாமியாரு?" இருதயராஜும் சிரித்துவிட்டான். ஆனாலும் குடத்துத் தண்ணீரைப் பச்சைமுத்து தூக்கித்தான் ஊற்றுவான். இருதயராஜ் குனிந்து கைகூட்டிக் குடிப்பான். ஒரே மூசையை இருவரும் இரண்டு பக்கம் பிடிக்கிறவர்கள். அதைப் பற்றி இருவரும் பேசி நான் கேட்டதில்லை.

பட்டறையில் ஒரு பழக்கம் உண்டு. அமாவாசைக்கு முதல் நாள் வேலை முடிந்ததும் உத்தரத்தில் படிந்த பூவைச் சுரண்டி, துணிக்கிழிசலில் முடிந்து, அரைஞாணில் கட்டிக்கொள்வார்கள். லீவு நாளில் அவ்வப்போது முடிச்சை எடுத்து மூக்கருகே வைத்து இழுத்துக்கொள்வார்கள். உடம்பு பூவை மறந்துவிடக் கூடாதாம். மறக்காத உடம்புக்குக் காய்ச்சல் வராதாம். அது பொய்யில்லை, ஓரளவு வேலை செய்யத்தான் செய்தது. அதனால்தான் அந்தப் பழக்கம் அவ்வளவு பலமாக இருந்தது.

இருதயராஜ் முதலில் அதைப் பேய்க்காரியம் என்றான். ஆனால் வாரம் ஓர் இரவு நடுங்கி, மறுநாள் கால் துவள மூசை தூக்கி, ஒருமுறை கொஞ்சம் சாய்த்துவிட்டான். உருகின பித்தளை பச்சைமுத்துவின் கால்விரல் ஓரம் தெறித்தது. அதற்கப்புறம் அவனும் ஒரு முடிச்சுக் கட்டிக்கொண்டான்.

லூர்துமேரி அதைக் கண்டுபிடித்தது துவைக்கும்போது. என் ஜன்னலுக்கு நேர் கீழேதான் துவைகல்.

"இது இன்னா?"

"பூ."

"இத்த வெச்சிக்கினா சாமியாரு கையால நன்மை வாங்கப் போன?"

அவன் அதை வாங்கக் கையை நீட்டினான்.

"கோயில்ல பாதிப் பூசைல குனிஞ்சி குனிஞ்சி மூக்கத் தொடச்சிக்கினு இருந்தியே, சளின்னு நெனச்சேன் நானு."

அவள் முடிச்சை அவிழ்த்துச் சாக்கடையில் உதறினாள். வெள்ளை மாவு தண்ணீரில் கரையாமல் மிதந்துபோனது. அவன் அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோயிலுக்குள் அந்த முடிச்சைக் கொண்டுபோக அவனுக்கும் மனசில்லை போலிருக்கிறது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் கோயிலுக்குப் போகவில்லை, பட்டறைக்குப் போனான். திங்கட்கிழமைக் காய்ச்சல் நின்றது. லூர்துமேரி மட்டும் முக்காடு போட்டுக்கொண்டு தனியாகப் போனாள். பச்சைமுத்து அன்று ஒன்றும் கேலி பேசவில்லை.

அப்படியே வருஷங்கள் போயின. காய்ச்சல் இல்லை. இருமல் வந்தது.

அது பூவினால் மட்டும் வந்ததில்லை. வார்ப்பு ஆறினதும் கருமண் அச்சை உடைத்துத் தட்டுவார்கள். வெந்த மண் மாவாகி எழும்பும். சாயங்கால வெயில் ஓட்டு இடுக்கில் விழும்போது பார்த்தால் வெளிச்சமே மண்ணால் செய்ததுபோல இருக்கும். அதை நாள் முழுக்க இழுத்தவன் இரவு போய்ப் படுத்த இடமும் அதே சுவரின் மறுபக்கம்தான். சாய்ப்புக்கு ஜன்னல் கிடையாது. பட்டறைச் சுவர் இரவெல்லாம் சூடாகவே இருக்கும். மார்கழியில் அது சுகம் என்பாள் லூர்துமேரி. மற்ற மாதங்களில் இருவரும் சந்தில் கோணி விரித்துக் கிடப்பார்கள். அவர்களுக்குப் பிள்ளை தங்கவில்லை.

ஜெர்மன் சண்டை வந்த பிறகு நல்ல செம்பு கிடைக்காமல் போயிற்று. உடைந்த பாத்திரம், துருப்பிடித்த குழாய், என்னவென்றே தெரியாத தகடு எல்லாம் மூசைக்குள் போயின. பூ அதிகமாயிற்று. சில நாள் அதன் நிறமே வெள்ளையாக இல்லை. இருதயராஜின் தோள் அகலம் அப்படியே இருந்தது, அதற்குக் கீழே ஆள் வற்றிப்போனான். பட்டறையிலிருந்து சாய்ப்பு வரை சுற்றிவருவதற்குள் நடுவில் ஒரு தடவை உட்காருவான். வானத்தைப் பார்த்து வாயைத் திறந்து வைத்திருப்பான், யாரோ ஊட்டிவிடப் போகிறார்கள் என்பதுபோல.

ஒருநாள் லூர்துமேரி மாடிப்படி அடியில் நின்று கூப்பிட்டாள். "தம்பி, ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறேன். டாக்டரு இங்கிலீசுல சொன்னா எங்குளுக்கு இன்னா தெரியும். கூட வர்றீங்களா?"

டாக்டர் தமிழில்தான் சொன்னார். முதுகில் குழலை வைத்து வெகுநேரம் கேட்டுவிட்டு, "காய்ச்சல் ஒரு ராத்திரி சமாசாரம், அதுக்காகப் பயப்படாதே. மண்ணும் புகையும் மார்ல அடைஞ்சிருக்கு. இனிமே அந்த உலைப் பக்கம் போகாதே. போனா நான் பண்ணறதுக்கு ஒண்ணுமில்லே," என்றார். இதைவிடத் தெளிவாக யாராலும் சொல்ல முடியாது. உலையை விட்டால் பிழைப்பான், விடாவிட்டால் இல்லை. லூர்துமேரி அன்றே மூட்டை கட்டினாள்.

தீபாவளி முடிந்த வாரம், திண்டிவனத்துக்குப் பக்கத்துச் சேரியில் இருந்த தன் தாய்வீட்டுக்கு அவனை அழைத்துப் போனாள். மல்லாட்டை பிடுங்குகிற காலம். அவனால் பிடுங்க முடியாது, வரப்பில் உட்கார்ந்து கொடியிலிருந்து காய் ஆய்ந்து கொடுத்தான். கேப்பைக் களியும் கீரையும் தின்றான். இருமல் முழுக்கப் போகவில்லை. ஆனால் மூச்சு இறங்கியது. கிறிஸ்துமஸ் பூசைக்குத் திண்டிவனம் வரை தன் காலால் நடந்து போனானாம். இதெல்லாம் அவன் திரும்பி வந்தபோது எனக்குச் சொன்னது.

அவன் வேலைக்குத் திரும்பி வரவில்லை. சாய்ப்பில் விட்டுப்போன பாயையும் தட்டுமுட்டுகளையும் மாதா படத்தையும் எடுத்துக்கொண்டு போகத்தான் வந்தான். கன்னம் தேறியிருந்தது. லூர்துமேரியும் சிரித்த முகமாக இருந்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான்.

அன்றைக்குப் பார்த்துப் பெரிய மணி ஒன்று வார்க்க இருந்தார்கள். இரண்டு மூசையும் ஒரே நேரத்தில் சாய வேண்டும், இல்லாவிட்டால் மணியில் கோடு விழும். ஓர் ஆள் வரவில்லை. ஆசாரி சாய்ப்பு வாசலுக்கு வந்து நின்றார்.

"இருதயம், ஒரே ஒரு கை. ஊத்திட்டு நீ போயிக்கினே இரு. ஒன்னெ வேலைக்கிக் கூப்புடல."

"வாணாங்க ஐயா," என்றாள் லூர்துமேரி. "டாக்டரு சொல்லியிருக்கிறாரு."

"ஒரு கைதாம்மா. மூசெ இப்பவே பழுத்துக்கினு இருக்குது."

இருதயராஜ் அவளைப் பார்த்தான், உலையைப் பார்த்தான், சட்டையைக் கழற்றி அவள் கையில் கொடுத்தான். வேலைக்காரன் அப்படித்தான். வார்ப்பு கெடப்போகிறது என்று தெரிந்தால் நிற்க முடியாது. பூ அன்றைக்கு மழையாகக் கொட்டியது. மணி கோடில்லாமல் வந்தது.

அன்று சாயங்காலம் அவன் விழுந்ததுபோல அந்தச் சந்தில் யாரும் விழுந்ததில்லை. நான்கு கோணி போர்த்தியும் பற்கள் அடித்துக்கொள்கிற சத்தம் என் அறை வரை கேட்டது. காலையில் காய்ச்சல் விட்டது. ஆனால் அந்த ஓர் இரவு எல்லாவற்றையும் தீர்மானித்துவிட்டது. காலையில் சாய்ப்பு வாசலில் பட்டறை முழுக்கக் கூடியிருந்தது.

"வயசுக்கு வந்த பொண்ணாட்டம் ஊட்ல குந்த வெச்சா ஒடம்பு எப்பிடித் தாங்கும்?" என்றான் பச்சைமுத்து. "ஒரு நாளு வுட்டாவே புடிக்கும். நீ தீவாளில இருந்து வுட்டுட்ட."

நான் படியில் நின்றபடி, "டாக்டர் வேற மாதிரி சொன்னாரே. காய்ச்சல் ஒரு ராத்திரிதானாம். மார்ல அடையற மண்ணும் புகையும்தான் கெடுதலாம்," என்றேன்.

பச்சைமுத்து கோபப்படவில்லை. "தம்பி, டாக்டரு சொன்னதக் கேட்டு ஊட்ல குந்துனவன் ராவெல்லாம் நடுங்கி இதோ கெடக்கறான். கேக்காத நானு நின்னுக்கினு பேசறேன். எவன் சொல்லு சரி, நீயே சொல்லு."

கண்ணால் பார்த்ததை வைத்துத்தான் அவன் பேசினான். பார்த்ததில் பிழையும் இல்லை.

இருதயராஜ் கோணிக்குள்ளிருந்து சொன்னான்: "ஊர்ல நல்லாதான் இருந்தேன் தம்பி. பூ இல்லாம இருந்தா நல்லா இருக்கறாப்பலவே காட்டும். அப்பறம் மொத்தமா வாங்கும்."

லூர்துமேரி கட்டின மூட்டை வாசலிலேயே இருந்தது. அதற்குள்ளிருந்து மாதா படத்தை அவளே எடுத்து, பழைய ஆணியிலேயே மறுபடி மாட்டினாள்.

அதன்பின் அவன் ஒருநாள் கூடப் பட்டறையை விடவில்லை. அமாவாசைக்கும் பூட்டின கதவுக்கு வெளியே போய் உட்கார்ந்திருப்பான். குறடு பிடிக்கத் தெம்பில்லாமல் போனபோது துருத்திக்கு மாறினான். துருத்தி இழுக்க முடியாமல் போனபோது உட்கார்ந்து மண் சலித்தான். அவனுக்கு அதைவிடக் கெட்ட வேலை அந்தப் பட்டறையில் இல்லை. உட்கார்ந்து செய்வது என்று இரக்கப்பட்டுத்தான் ஆசாரி கொடுத்தார். எச்சிலில் சிவப்புத் தெரிந்த பிறகு, லூர்துமேரி யாரையும் கேட்காமல், அவனைத் தோளில் சாய்த்துக்கொண்டு போய் ரயிலேற்றிவிட்டாள்.

இந்தத் தடவை திண்டிவனம் அவனைத் தேற்றவில்லை. சாயங்காலம் தவறாமல் காய்ச்சல் வந்தது. அது பூக் காய்ச்சல் இல்லை, மார்புக்குள் இருந்த வேறு காய்ச்சல். ஆனால் அது வந்த நேரமும் குளிரும் வேர்வையும் பழைய மாதிரியே இருந்தன. பூவை விட்டதால்தான் வருகிறது என்று அவன் முனகிக்கொண்டே இருந்தானாம். சாக்கடையில் முடிச்சை உதறின அதே லூர்துமேரி, கடைசியில் சந்தைக்கு வந்த ஒரு வண்டிக்காரனிடம் பச்சைமுத்துவுக்குச் சொல்லியனுப்பினாள்: "அண்ணன் ஒரு முடிச்சு எடுத்துக்கினு வரணும். ஜல்தியா வரணும்."

சேதி வந்து சேர்ந்தது அமாவாசை அன்று காலையில். பட்டறை பூட்டிக் கிடந்தது. ஆசாரி சாவியோடு மயிலம் கோயிலுக்குப் போய்விட்டார். பச்சைமுத்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டு என் ஜன்னலை நிமிர்ந்து பார்த்தான். "தம்பி, டேசன்ல ஒனுக்குத் தெரிஞ்சவங்க இருப்பாங்க. சீட்டு எடுத்துக் குடு. நீயும் வா. எனுக்கு அந்த ஊட்டுக்குத் தனியா போவ ஒரு மாதிரி இருக்குது."

வண்டியில் ஒரே நெரிசல். பட்டாளத்துக்காரர்களின் பெட்டிகளுக்கு நடுவே ஒற்றைக்காலில் நின்றபடி போனோம். பச்சைமுத்து வழியெல்லாம் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.

வீட்டு வாசலில் லூர்துமேரி சொம்போடு வந்தாள். யாருக்கு நீட்டுவது என்று தெரியாமல் ஒரு கணம் நின்று, என்னிடம் நீட்டினாள். பச்சைமுத்து நடுவில் கை நீட்டி வாங்கி, சொம்பை உதட்டில் வைத்தே குடித்தான்.

உள்ளே இருதயராஜ் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். படுத்தால் மூச்சு வராது. தோள் எலும்பு மட்டும் இன்னும் அகலமாக இருந்தது, சட்டை இல்லாத துணிக்கொடி போல.

"கொண்டாந்தியாண்ணா?"

"உத்தரத்துப் பூ கெடைக்கல. பூட்டிட்டாங்க." பச்சைமுத்து திரும்பி நின்று அரைஞாணிலிருந்து தன் முடிச்சை அவிழ்த்தான். "இத்த வெச்சிக்கோ."

"ஒனுக்கு?"

"எனுக்கு இன்னா. ஒரு ராத்திரி நடுங்கிட்டுப் போறேன். நீ வாரா வாரம் நடுங்கலியா?"

இருதயராஜ் சிரிக்கப் பார்த்தான். அது இருமலாக மாறியது. இருமல் நின்றதும் லூர்துமேரி முடிச்சை அவன் மூக்கருகே பிடித்தாள், குழந்தைக்குப் பாலாடை பிடிக்கிறதுபோல, தலையை ஒரு கையால் தாங்கி. அவன் இழுத்தான். மூச்சு பாதியில் நின்றது. மறுபடி இழுத்தான். நான் வாசலுக்கு வந்துவிட்டேன். வெளியே யாரோ மல்லாட்டைத் தோலை எரித்துக்கொண்டிருந்தார்கள்.

சாயங்கால வண்டியில் ஏற இடமில்லை. நாங்கள் அங்கேயே தங்கினோம். அன்று இருட்டியும் அவனுக்குக் காய்ச்சல் வரவில்லை. லூர்துமேரி நெற்றியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வெளியே வந்து, "வரல ண்ணா. ஒடம்பு சில்லுனு இருக்குது," என்றாள். பச்சைமுத்து, "நான் சொல்லல?" என்றான். விடிவதற்குள் இருதயராஜ் போய்விட்டான்.

மறுநாள் மத்தியானம் அடக்கம் செய்தோம். சாமியார் வந்து ஜெபம் சொல்லிக் குழியை மந்திரித்தார். பச்சைமுத்து குழி ஓரத்தில் கொஞ்சம் தள்ளி நின்று, எல்லாரும் மண் போட்ட பிறகு தானும் ஒரு பிடி போட்டான். கையில் ஒட்டின மண்ணை உதறாமல் விரலால் நெருடிப் பார்த்தான். அச்சு மண்ணின் மென்மையைப் பார்க்கிற விரல் அது.

கிளம்பும்போது லூர்துமேரி வீட்டுக்குள் போய்த் திரும்பி வந்தாள். உள்ளங்கையில் அந்த முடிச்சு இருந்தது. ஓரத்தில் எச்சில் காய்ந்த கறை. அந்த இடத்தை முந்தானையால் துடைத்து நீட்டினாள்.

"காய்ச்சலோட போவல ண்ணா அவுரு. அது வுட்டப்பறம்தான் போனாரு. அது போதும் எனுக்கு." உள்ளங்கையை இன்னும் கிட்டே கொண்டுவந்து, "இந்தா. நேத்தும் வேலைக்கிப் போவல நீ, இன்னிக்கும் போவல. நாளைக்கி ஒனுக்கு வந்துடும்," என்றாள்.

டாக்டர் சொன்னது என் நாக்கு வரை வந்தது. ஆனால் எந்தக் காய்ச்சல், எந்த மண் என்று அந்த முகத்துக்கு முன்னால் எடுத்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பச்சைமுத்து அவள் கையிலிருந்தே அதை வாங்கி, வேட்டியைத் தளர்த்தி, அரைஞாணில் கட்டிக்கொண்டான்.

திரும்பும் வண்டியில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பேரணி ஸ்டேஷனில் வண்டி நின்றபோது பச்சைமுத்து முடிச்சை எடுத்து மூக்கில் வைத்து ஆழமாக இழுத்தான். அதன்பின் இருமத் தொடங்கினான். விக்கிரவாண்டி வந்தும் நிற்கவில்லை. எதிரே இருந்தவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். இருமல் அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாக்கை ஒருமுறை உதட்டில் ஓட்டினான்.

"இன்னும் இனிப்பு போவல தம்பி," என்றான்.